நீ ரெண்டு கட்டம், நான் மூணு கட்டம்

நேற்று சாயங்காலம் கடற்கரைச் சாலையில் வேர்க்கடலை வாங்கினேன். தின்று முடித்துப் பொட்டலத்தைக் கசக்கப் போனவன் கையை நிறுத்திவிட்டேன். பொடிப்பொடியாகப் பச்சைக் கட்டம் போட்ட தாள். யாரோ பரீட்சைக்கு எழுதிப் பார்த்துப் பழைய பேப்பர்காரனிடம் போட்டிருப்பார்கள் போல. ரெண்டு கோடு சாய்வாக வந்து ஒன்றை ஒன்று வெட்டிப் போகிறது. கோட்டுக்குக் கீழே பென்சிலால் கீறிக் கீறி நிரப்பியிருக்கிறது. கடலையின் உப்பும் மணலும் அதன் மேல் ஒட்டியிருந்தன.

எனக்கு எழுத்து தெரியாது என்பது உனக்குத் தெரியும். ஆனால் அந்தப் படம் தெரிந்தது. தட்டாஞ்சாவடி ஷெட்டில், சிமெண்டுத் தரையில், நீ சாக்பீஸால் போட்ட படம் அது.

நான் சொல்லச் சொல்ல எழுதுவது என் மருமகள் விமலா. செத்துப்போனவனுக்கு மடல் எழுதுகிற கிழவனுக்குப் பயித்தியம் என்று அவள் நினைக்கட்டும், பரவாயில்லை. எனக்கு ஒரு விஷயம் குழம்பிக் கிடக்கிறது. உன்னைக் கேட்டால்தான் தெளியும். நீயோ போன வருஷம் மண்ணுக்குள் போய்விட்டாய். நானும் ஒரு பிடி மண் போட்டேன்.

அந்த நாளை முதலில் இருந்து சொல்கிறேன். ஞாபகம் தப்பாது எனக்கு.

நீ அங்கே சூப்பர்வைசர். காலையில் கேட்டுக்குள் நுழையும்போதே வாட்ச்மேனில் இருந்து வெல்டர் வரை எல்லாருக்கும் "பொஞ்சூர்" சொல்வாய். ஏதாவது கணக்கு நேராக வந்துவிட்டால் கையைத் தட்டி "வுவாலா!" என்பாய். உங்க அப்பா பிரெஞ்சுக்காரன் ஆபீஸில் கதவு திறந்துவிடுகிற வேலை செய்தார், அந்த மிச்சம் உன் வாயில் இருந்தது. நான் பைப் வளைக்கிறவன். நம் ஷெட்டில் செய்தது ரெண்டே சாமான்: இரும்பு பீரோ, மடக்கு நாற்காலி. நாற்காலி ஆறு சேர்ந்தால் ஒரு செட். பீரோவுக்குத் தகடுதான், பைப் கிடையாது. அதனால் நாற்காலி இருந்தால்தான் எனக்கு வேலை. வெல்டிங் பக்கமும் போக முடியாது. பொறி பட்டு இடது கண் கெட்டதில் இருந்து அந்த வெளிச்சமே ஆகாது என்று கதிர்காமம் ஆஸ்பத்திரி டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். உனக்குத் தெரியும். சீட்டை வாசித்துக் காட்டியவனே நீதான்.

அன்றைக்கு முதலாளி உன் மேஜைக்கு வந்து நின்றார். நான் பக்கத்தில் டீ கிளாஸோடு நின்றேன்.

"ஏம்பா, ஒரு பீரோல வர்ற லாபம் மூணு செட் நாற்காலிக்குச் சமம். எதுக்கு நாற்காலியைக் கட்டிக்கிட்டு அழறோம்? பைப் வளைக்கிற அந்த பெண்டிங் மிஷினை வித்துடலாமா?"

"போட்டுப் பாத்துடறேன்யா. வாரத்துக்கு எத்தினி பீரோ, எத்தினி செட் போட்டா ரொம்ப வரும்னு படத்துலயே தெரிஞ்சிடும்."

"படத்துல எது வருதோ அதும்படி செஞ்சிடுவோம்" என்று சொல்லிவிட்டுப் போனார். என்னைப் பார்க்கவில்லை.

நீ அப்போது தபால் வழியில் ஏதோ படிப்பு படித்துக்கொண்டிருந்தாய், இந்தப் படம் அதில் வந்தது. தாளில் போட்டிருக்கலாம். சின்னதாகப் போட்டால் முதலாளிக்குப் புரியாது என்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் தரையைக் கூட்டச் சொன்னாய். கேட் பக்கம் குறுக்கே ஒரு கோடு. அது பீரோ. அங்கிருந்து கம்ப்ரஸர் வரைக்கும் நெடுக ஒரு கோடு. அது நாற்காலி. ரெண்டிலும் ஒரு சாணுக்கு ஒரு கட்டம்.

"வெல்டிங்கு பூரா பீரோவுக்கே குடுத்தா வாரத்துக்குப் பத்து வரும். நாற்காலிக்கே குடுத்தா இருபது செட்டு" என்று சொல்லி, பத்தில் இருந்து இருபதுக்கு ஒரு கோடு இழுத்தாய். "பெயிண்ட் அடிக்கிறவன் எதைக் குடுத்தாலும் பன்னெண்டுதான் அடிப்பான்" என்று பன்னிரண்டில் இருந்து பன்னிரண்டுக்கு இன்னொன்று. ரெண்டும் ஒரு இடத்தில் வெட்டிக்கொண்டன. ரெண்டு கோட்டுக்கும் உள்ளே அடங்கிய இடத்தில் ரெட் ஆக்சைடைத் தூவினாய்.

"ஏழுமலை, உள்ள வந்து நில்லு."

நின்றேன்.

"இப்ப நீ அஞ்சு பீரோ, மூணு செட்டு."

"நான் ஏழுமலைப்பா. என்னைப் போயி பீரோன்ற."

"செவப்புக்குள்ள எங்க நின்னாலும் நம்மால முடியும். வெளிய காலு வச்சா முடியாது. ஆனா நடுவுல நின்னுக்கிட்டு இருந்தா ஒண்ணும் கிடைக்காது. மூலைக்குப் போவணும். ரொம்ப லாபம் எப்பவும் மூலைலதான் இருக்கும்."

"அது ஏன் மூலைல?"

"அதைத்தான் கயிறு காட்டும்" என்றாய்.

பீரோ கட்டுகிற சணல் கயிற்றில் ஒரு முனையை நீ பிடித்தாய், மறுமுனையை என்னிடம் கொடுத்தாய். நீ பீரோக் கோட்டில் நாலாவது கட்டத்தில் உட்கார்ந்தாய். என்னை நாற்காலிக் கோட்டில் பன்னிரண்டாவது கட்டத்துக்கு அனுப்பினாய். எழுத்துதான் தெரியாது, எண்ணத் தெரியும். "நாலு பீரோ போட்டாலும் பன்னெண்டு செட்டு போட்டாலும் வர்றது ஒண்ணுதான். இந்தக் கயித்து மேல எங்க நின்னாலும் அதே வரும்படிதான். இப்ப சாய்மானம் மாறாம வெளிய தள்ளிக்கிட்டே போவலாம். நான் ஒரு கட்டம் நகந்தா நீ மூணு கட்டம் நகரு. செவப்பை விட்டுக் கடைசியா எந்த இடத்துல கயிறு பிரியுதோ, அதான் நம்ம இடம்."

நீ ஒன்று, நான் மூன்று. நீ ஒன்று, நான் மூன்று. பெயிண்டர் பையன்கள் சோற்றுத் தூக்கோடு நின்று, "ரெண்டு பெருசும் பாண்டி விளையாடுதுடா" என்று கேலி செய்தார்கள். முப்பதாவது கட்டத்தில் கம்ப்ரஸர் என் முதுகில் இடித்தது. நீ பத்தில் நின்றாய். கயிறு சிவப்பை எல்லாம் தாண்டிவிட்டது. உன் கால் கட்டைவிரலுக்குக் கீழே ஒரு முனை மட்டும் மிச்சம்.

நான் கத்தினேன்: "கிடைச்சிடுச்சா?"

நீ உன் காலைப் பார்த்தாய். என் மிஷினைப் பார்த்தாய். அப்புறம் என்னைப் பார்த்தாய். எவ்வளவு நேரம் என்று கேட்டால், பெயிண்டர் பையன் ஒருத்தன் தூக்கைத் திறந்து மோர் மிளகாயை எடுத்து வாயில் போடுகிற நேரம்.

"திரும்பி வா. தப்பாப் புடிச்சிட்டோம்" என்றாய்.

நீ மறுபடி நாலுக்குப் போனாய். நான் பன்னிரண்டுக்குப் போய் நின்றேன். "கீழ எறங்கு. இன்னும் எறங்கு. ஆறுல நில்லு." நின்றேன். "இப்ப நான் ரெண்டு, நீ மூணு."

இந்தத் தடவை கயிறு வேறு மாதிரிச் சாய்ந்திருந்தது. நான் பதினாறிலேயே நின்றுவிட்டேன். ரெண்டு கோடும் வெட்டுகிற மூலையில் கயிறு கடைசியாகத் தொட்டது. எட்டு பீரோ, நாலு செட். முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டினாய். அவருக்கு இரும்பு தெரியும், கோடு தெரியாது. தலையை ஆட்டினார். மிஷின் தப்பித்தது. நாலு வருஷம் அதில் பைப் வளைத்தேன். அந்த நாலு வருஷத்தில் என் மகன் ஐடிஐ முடித்து வேலையில் சேர்ந்துவிட்டான்.

அன்றைக்கு நீ "வுவாலா" சொல்லவில்லை. அது எனக்கு அப்போதே என்னவோ போல் இருந்தது. பசியாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

நேற்று அந்தப் பொட்டலத் தாளை விமலாவிடம் காட்டினேன். பார்த்ததும் சிரித்தாள். "இது எங்களுக்கு ப்ளஸ் டூல வந்துச்சு மாமா. நேரிய திட்டமிடல், வரைபட முறை. ஒரே பாடம்தான் எனக்கு ஒழுங்கா வந்தது." உன் கணக்கை அவளிடம் சொன்னேன். ஒரு எண்ணும் விடாமல் சொன்னேன். மகனின் புதுச் சட்டைக்குள் வந்த அட்டையின் பின்பக்கம் போட்டாள். போட்டுவிட்டு ஸ்கேலை வைத்துத் தள்ளினாள். நிமிர்ந்தாள்.

"மாமா, பத்து பீரோ. நாற்காலி சைபர்."

"இல்லம்மா. எட்டு, நாலு."

"ஒரு பீரோ மூணு செட்டுக்குச் சமம்னா சைபர்தான் வரும். நீங்க ஆறுல நின்னீங்கன்னு சொல்றீங்களே, அப்படின்னா நாலு பீரோவுக்கு ஆறு செட்டுதான். நாற்காலிக்கு ரெண்டு மடங்கு லாபம் கிடைக்கிற மாதிரி ஆயிடுது. அப்பதான் அந்த மூலை வரும்."

எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. மாடிக்குப் போகலாம் வா என்றேன். துணி காய்கிற கயிற்றை அவிழ்த்தோம். மகனும் சம்பந்தமில்லாமல் வந்து நின்றுகொண்டு, "அப்பாவுக்கு என்னா ஆச்சு?" என்றான். கரித்துண்டால் கோடு போட்டோம். உன் முனையை விமலா பிடித்தாள், என் முனையை நான் பிடித்தேன். அவள் ஒன்று, நான் மூன்று. தண்ணீர்த் தொட்டி முதுகில் இடித்த இடத்தில் திரும்பிப் பார்த்தேன். அவள் காலுக்குக் கீழே முனை. அங்கே பீரோ மட்டும்தான். நான் இல்லை.

அன்றைக்கு நீ பார்த்தது இதைத்தானா?

விமலா நல்ல பெண். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஒருவேளை அந்த மாசம் நாற்காலிக்குக் கூடக் கிடைச்சிருக்கலாம் மாமா. முதலாளி அவருகிட்ட அப்புறமா மாத்திச் சொல்லியிருக்கலாம்" என்றாள். இருக்கலாம். மூன்று என்ற எண்ணை நீ இடையில் குழப்பிக்கொண்டிருக்கலாம். தபாலில் படித்தவன்தானே. முதல் தடவை பிடித்ததுதான் தப்பு, ரெண்டாவதுதான் சரி என்று நீ நிஜமாகவே நம்பியிருக்கலாம். ராத்திரி முழுக்க இப்படியே மாற்றி மாற்றி நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன். ஒவ்வொரு தடவையும் நீ உன் காலைப் பார்க்கிற இடத்தில் வந்து நின்றுவிடுகிறது.

தப்பு என்றே இருந்துவிட்டால் எனக்கு நல்லது. ஏன் என்று உனக்குத் தெரியும்.

நாலு வருஷம் கழித்து முதலாளியின் மருமகன் கம்ப்யூட்டரோடு வந்தான். பழைய கணக்கை எல்லாம் போட்டுப் பார்த்தான். எல்லாரையும் நிற்கவைத்து, உன்னையும் நிற்கவைத்து, "நாலு வருஷமா பீரோ மட்டும் போட்டிருக்கணும். இவரு போட்ட படமே தப்பு. இவரை நம்பித் தொழில் பண்ணியிருக்கீங்க" என்றான். வெல்டர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்ததோடு விட்டேனா? "சூப்பர்வைசரு கோடு போட்டா கோடே வழுக்கி விழுந்துடும்" என்று சத்தமாகச் சொன்னேன். மிஷின் போகிற கோபம். அதை யார் மேலாவது போடணும், கண்ணுக்கு எதிரே நீ நின்றாய்.

நீயும் சிரித்தாய். "ஆமாம்ப்பா, கோணலாத்தான் போயிடுச்சு. நீதான அந்தப் பக்கம் புடிச்சிருந்த" என்றாய். எல்லாரும் இன்னும் பலமாகச் சிரித்தார்கள். கேலி என்று நினைத்தேன். நேற்று வரைக்கும் கேலி என்றே நினைத்தேன்.

மாசக் கடைசியில் உன்னை அனுப்பிவிட்டார்கள். நீ கனகசெட்டிக்குளத்தில் ஐஸ் கம்பெனிக்குப் போனாய். ரெண்டு பஸ் மாறிப் போகணும். ஒரு தடவை பஸ் ஸ்டாண்டில் பார்த்தபோது உன் சட்டையில் மீன் வாடை. "பொஞ்சூர், ஏழுமலை. கண்ணு எப்படி இருக்குது?" என்று கேட்டாய். நான் பஸ் வந்துவிட்டது என்று ஓடினேன். வந்தது என் பஸ் இல்லை.

எவ்வளவு நஷ்டம் என்று விமலாவிடம் கேட்டேன். உன்னால் முதலாளிக்கு எவ்வளவு போச்சு? அவள் விரல் விட்டு எண்ணினாள். "முதலாளி சொன்ன கணக்குல பீரோ மட்டும் போட்டிருந்தா வாரத்துக்கு முப்பது செட்டு லாபம். எட்டும் நாலும் போட்டதுல இருபத்தெட்டு. அவ்வளவுதான் மாமா. முப்பதுல ரெண்டு."

முப்பதில் ரெண்டு. அதற்காகவா உனக்கு ரெண்டு பஸ்? அந்த ரெண்டில்தான் நான் நாலு வருஷம் இருந்தேனா? நீ தெரிந்தே செய்திருந்தால் அன்றைக்கு நான் சிரித்த சிரிப்பை எங்கே கொண்டுபோய் வைப்பது? தெரியாமல் செய்திருந்தால் அந்த "வுவாலா" எங்கே போச்சு? கல்லறைத் திருநாளுக்கு வந்து கேட்கலாம் என்று இருக்கிறேன். கல் என்ன சொல்லும், தெரியவில்லை.

மாடியில் இன்னொரு தடவை பிடித்துப் பார்த்தோம். நான் பன்னிரண்டில் நின்றேன். விமலா கயிற்றை இறுக்கினாள். யாரும் சொல்லாமல் என் கால் தானாக ஆறுக்கு இறங்கிவிட்டது.

"ஏன் மாமா எறங்குறீங்க? பன்னெண்டுதான் சரி."

"அவன் எறங்கச் சொன்னான்மா."

அவள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ரெண்டு கட்டம் நகர்ந்தாள். நான் மூணு கட்டம் நகர்ந்தேன். கோணல் என்றால் கோணல். என் முனையை நான் விடவில்லை.