ஏழு துண்டு நெஞ்சு

9-2-1943
ஜப்பான்காரன் கணக்குப்படி இந்த வருடத்தை 2603 என்று எழுத வேண்டுமாம். என் நோட்டில் 1943தான்.

லூனாஸ் டவுனுக்குப் போய் மண்ணெண்ணெய் கிடைக்காமல் திரும்பினேன். மேட்டில் மூச்சு இரைத்து மூன்று இடத்தில் உட்கார்ந்தேன்.

10-2-1943
என் வீட்டுக்காரர் இவர், ரப்பர்த் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கட்டுகிற டிரஸ்ஸர். வெள்ளைக்கார டாக்டர் ஓடும்போது விட்டுப்போன நெஞ்சுப் பெட்டியோடு இன்று என்னைப் பூட்டிவிட்டார். இரண்டு கையிலும் இடது காலிலும் உப்புத் தண்ணீர்த் துணி. நெஞ்சு துடிப்பதைப் பெட்டி படத்தாளில் கோடாக எழுதுமாம். கடைசித் தாள் சுருளும் எனக்கே போயிற்று.

இருட்டறையில் கழுவி எடுத்து வந்து ஜன்னல் வெளிச்சத்தில் விரித்தார். கோடுகள் இஷ்டத்துக்குக் குதித்திருந்தன. வால்வு கெட்டுத் துடிப்பு தாறுமாறாகிவிட்டதாம்.

மருந்து? தீர்ந்து ஒரு வருடம் ஆகிறது. நோயைச் சொல்லத் தெரிந்த பெட்டிக்குத் தீர்க்கத் தெரியாது. பெரிய சாமர்த்தியம்தான்.

சண்டை முடிந்து டாக்டர் யாராவது வந்தால் காட்ட, சுருளை டிரங்கில் வைத்திருக்கிறார்.

21-6-1943
ஜப்பான்காரன் போடுகிற சயாம் ரயில் பாதைக்கு மறுபடி ஆள் எடுக்கிறார்கள். முன்பு போனவர்களிடமிருந்து ஒரு சேதியும் இல்லை. இந்தத் தடவை ஏழு பேர். பக்கத்து லயத்துப் பழனியாண்டியும் உண்டு. அவன் பெண்சாதி புஷ்பவள்ளிக்கு எட்டு மாதம். வாசலில் உட்கார்ந்து அழுதாள்.

சோதிக்க வருகிற ஜப்பான் டாக்டர் சின்ன வயது. நெஞ்சில் காது வைத்துக் கேட்பதில்லை. பெட்டிமேல் அவ்வளவு நம்பிக்கை. தாளில் கோளாறு தெரிந்தால் சயாம் பட்டியலில் பெயரை அடித்துவிடுகிறான். தாள் தீர்ந்தது அவனுக்குத் தெரியாது.

22-6-1943
சுருளையும் கத்தரிக்கோலையும் இவர் முன் வைத்தேன்.

"இது ஒண்ணுதான்டி ஒனக்கு இருக்கு. நாளைக்கி டாக்டரு வந்தா எதக் காட்டுவேன்?"

"அவரு வர்றப்ப வரட்டும்லா. ஆளு ஏத்துற லோரி வெள்ளிக்கெழம வருது."

எல்லாம் ஒரே ஆள் கோடு என்று கண்டுபிடித்துவிடுவான் என்று பயந்தார். விரித்துப் பார்த்தோம். ஓரிடம் போல் இன்னோர் இடம் இல்லை. என் நெஞ்சுதான் ஒழுங்காக அடிப்பதே இல்லையே! முதல் தடவையாக அதன்மேல் எனக்கு மரியாதை வந்தது.

ஏழு துண்டு. ஏழு பெயர்.

25-6-1943
ஏழு பெயரையும் அடித்துவிட்டான். இவர் வந்து மரவள்ளிக்கிழங்கு இருக்கிறதா என்று கேட்டார். இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை.

14-8-1943
அடுத்த தடவைக்கு எங்கள் தோட்டத்து இருளப்பனைச் சயாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நேற்று வந்து நின்றான். "எனக்கும் ஒரு தாளு குடுங்க குணவதியக்கா." டிரங்கைத் திறந்தே காட்டினேன். சேலைதான் இருந்தது.

இன்னும் சின்னதா வெட்டியிருக்கலாமே — ஏன் தோணல எனக்கு?

15-8-1943
எழுத ஒன்றுமில்லை.

3-2-1946
சண்டை முடிந்து புதிதாக வந்த வெள்ளைக்கார டாக்டர், ஜப்பான் காலத்துப் பதிவேட்டைப் பார்த்து, ஒரே தோட்டத்தில் ஏழு நெஞ்சு நோயாளிகளா என்று மலைத்து, எல்லாரையும் கூப்பிட்டுப் புதுத் தாளில் எடுத்துப் பார்த்தார். ஏழு பேருக்கும் ஒரு குறையும் இல்லை. பெட்டிதான் கெட்டுப்போயிற்று என்றார். வேறு வழியில்லாமல் இவர் நடந்ததைச் சொல்லி, என்னைக் கூட்டிப்போனார். அதே குதிக்கிற கோடு.

டாக்டர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். வால்வைச் சரிசெய்ய இன்னும் வழி வரவில்லை, ஒருநாள் வரும், அதுவரை மாத்திரை என்றார்.

வெளியே பழனியாண்டியின் மகள் கோழியைத் துரத்திக்கொண்டிருந்தாள். சயாமிலிருந்து பிழைத்தவர்கள் திரும்பிவிட்டார்கள். இருளப்பன் அதில் இல்லை.

புதுச் சுருளைக் கேட்டு வாங்கி வந்தேன். மேசையில் விரித்துச் சாணால் அளந்தேன். பழையதைவிடக் கொஞ்சம் நீளம்.

எட்டுத் துண்டு வரும்.