சாம்பிள் தட்டில் வைக்கிற அரிசி

இன்று காலை கூரியரில் ஓர் உறை வந்தது. பிரித்ததும் புது பிளாஸ்டிக்கும் அச்சு மையும் கலந்த வாசனை முகத்தில் அடித்தது. உள்ளே நீல நாடாவில் கோத்த அட்டை. என் பெயர், மில்லின் பெயர், ஹால் எண், ஸ்டால் எண். அடுத்த வாரம் சென்னையில் நடக்கும் உணவுத் தொழில் கண்காட்சிக்கான நுழைவு அட்டை. அதை மேசைமேல் வைத்துவிட்டு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். எழுபத்தாறு வயதில் ஓர் அட்டையைப் பார்த்துப் பயப்படுகிறவளை நீ சும்மா விட்டிருக்க மாட்டாய். "என்னடி மகாராணி, வேர்க்குது?" என்றிருப்பாய்.

நீ இல்லாமல் நான் எந்தக் கண்காட்சிக்கும் போனதில்லை. போன ஐப்பசியில், விடாத மழையில், திருத்துறைப்பூண்டியில் உன்னை அடக்கம் செய்துவிட்டு வந்தோம். அன்று அழுதபோதுகூட இந்த நாளை நான் யோசிக்கவில்லை.

தஞ்சாவூர் கான்வென்ட் விடுதியில் நம் கட்டில்கள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. நான் நிலபுலன் உள்ள வீட்டுப் பெண். உன் அப்பா எங்களைப் போன்றவர்களின் வயலில் நாற்றுக்கட்டு சுமந்தவர். அதை நான் ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. "வாயால சொல்லல, நடையில சொன்ன" என்று நீ பிற்பாடு சொன்னாய். படித்து, நெல் கிடங்கில் தரம் பார்க்கும் அதிகாரியாகி, மூட்டை மூட்டையாகக் குத்தூசியால் குத்திப் பார்த்தே ஓய்வு பெற்றாய். அந்தச் சமயத்தில்தான் என் கணவர் போய், மில் என் தலையில் விழுந்தது. நான் உன்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: கண்காட்சிக்குத் துணைக்கு வா.

சென்னையில் அந்த முதல் கண்காட்சி நினைவிருக்கிறதா? பத்துக் கல்யாண மண்டபங்களை ஒன்றாய்ச் சேர்த்தது போன்ற கூடம். ஒரு ஜன்னல் கிடையாது. வெளியே வெயிலா மழையா என்று தெரியவில்லை. கார்ப்பெட் ஒட்டிய பசை வாடை, ஒலிபெருக்கி, கண் கூசும் விளக்கு. பக்கத்து ஸ்டாலில் வடநாட்டுக் கம்பெனி ஆள் உயரத் திரை வைத்திருந்தது. நமக்கு ஒரு மேசை, வெள்ளைத் துணி, மூன்று எவர்சில்வர் தட்டு. உன் கையை விட்டால் தொலைந்துவிடுவேன் என்று பயந்தேன். பயம் தெரியாமல் இருக்க முதுகை நிமிர்த்தி நின்றேன்.

தட்டில் பொன்னி அரிசி முத்து முத்தாக இருந்தது. காரணம் எனக்குத் தெரியும். மில்லில் ஆறு பெண்களை நான்கு நாள் முறத்தோடு உட்காரவைத்து, குருணையையும் கறுத்த அரிசியையும் ஒவ்வொன்றாகப் பொறுக்க வைத்திருந்தேன். எல்லா மில்காரர்களும் செய்வதுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உனக்குச் சொல்லவில்லை.

இரண்டாம் நாள் காலை, மொத்தமாக அரிசி வாங்கும் அந்தப் பையர் வந்தார். நாகூரில் பிறந்து பினாங்கில் அரிசி வியாபாரம் செய்கிறவர். ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் பரப்பினார். ஓர் அரிசியைக் கடித்துப் பார்த்தார்.

"முத்து மாதிரி இருக்கும்மா. மாசம் ரெண்டு கன்டெய்னர் குடுக்க முடியுமா?"

"முடியும்" என்றேன்.

"சாயங்காலம் வர்றேன். பை தைச்சிடுவோம்."

பை தைப்பது என்றால் என்ன என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதே அரிசியை இரண்டு துணிப்பைகளில் போட்டுத் தைத்து, அரக்கு வைத்து, இருவரும் கையெழுத்திடுவோம். ஒன்று அவரிடம், ஒன்று நம்மிடம். சரக்கு அங்கே இறங்கியதும் அவர் முதலில் பிரிப்பது அந்தப் பையைத்தான். பையிலிருப்பதும் மூட்டையிலிருப்பதும் ஒத்துவராவிட்டால் சரக்கு முழுவதும் திரும்பிவிடும்.

அவர் தலை மறைந்ததும் நீ என்னைப் பிளைவுட் தட்டிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாய்.

"ஏன்டி, தட்டுல இருக்கறது மில்லு அரைச்சதா, பொம்பளைங்க பொறுக்குனதா?"

"சத்தமா பேசாத."

"நான் பாக்காத அரிசியா? கன்டெய்னர் முழுசுக்கும் முறம் போட்டு உக்காருவாங்களா?"

"அங்க போனப்புறம் பாத்துக்கலாம்."

"அங்க போனப்புறம் அவருதான் பாப்பாரு."

அதிலிருந்து சாயங்காலம் வரை நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். என் கணவரின் பெயர் அச்சிட்ட மூட்டைகள் எங்கோ ஒரு துறைமுகத்தில் கேட்பாரற்று அடுக்கிக் கிடப்பதாகவே கண்ணில் தெரிந்தது. மில்லை நம்பி நாற்பது குடும்பங்கள். ஒலிபெருக்கியில் யார் பெயரைக் கூப்பிட்டாலும் என் பெயர் போலவே கேட்டது. அவரிடம் உண்மையைச் சொல்லும் வாக்கியத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். அவர் வந்து எதிரே நின்றபோது ஒரு மொழியும் வாயில் வரவில்லை.

நீ நடுப்பகலில் லாட்ஜுக்குப் போய் வந்திருந்தாய். ஓட்டல் சோறு எனக்கு ஒத்துக்கொள்ளாது என்று, அறையில் பொங்கிச் சாப்பிட மில்லிலிருந்து ஒரு பை அரிசி கொண்டுவந்திருந்தோம் அல்லவா? அந்தப் பையை எடுத்து, காலித் தட்டு ஒன்றில் கவிழ்த்தாய்.

"பாய், இது நாங்க திங்கறதுங்க. உங்களுக்கு லாரியில வரப்போறதும் இதான். அந்தத் தட்டுல இருக்கறது பொறுக்குனது."

அவர் புதுத் தட்டிலிருந்து ஒரு பிடி எடுத்துக் குருணையை நகத்தால் ஒதுக்கினார். வெகுநேரம் ஒதுக்கினார். பிறகு உன்னைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

"இத நீங்க சொல்லியிருக்கணும்மா."

அவ்வளவுதான். கொஞ்சம் அரிசியைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு போய்விட்டார். பை தைக்கவில்லை.

ரயில் கும்பகோணம் வரும்வரை நான் உன்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த வருடம் பொங்கலுக்கு உன்னைக் கூப்பிடவும் இல்லை. ஆர்டர் போன கோபம் என்று நீ நினைத்திருப்பாய். உண்மையில், நான் வாயடைத்து நின்றதை நீ பார்த்துவிட்டாய். அதை என்னால் பொறுக்க முடியவில்லை. பல மாதம் கழித்து அவரிடமிருந்து ஒரே ஒரு கன்டெய்னருக்கு ஆர்டர் வந்தது. அப்போதும் உன்னிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அடுத்த கண்காட்சி நெருங்கியபோது உன் கடிதம் வந்தது. அதில் இரண்டே சொல்: "எந்த ஹால்?"

ரொம்ப நாள் கழித்துக் கேட்டேன், அன்று உனக்குப் பயமே இல்லையா என்று. "பயமில்லாம? அதான் சீக்கிரம் கொட்டித் தொலைச்சேன்" என்றாய்.

இப்போது மில்லை என் மகன் பார்க்கிறான். இந்த வருடம் சம்பா இரண்டு தடவை தண்ணீரில் போனது. மில் பாதி நாள்தான் ஓடுகிறது. இந்தக் கண்காட்சியில் வெளிநாட்டு ஆர்டர் கிடைக்காவிட்டால் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்ப வேண்டும். பழைய பையர்களுக்கு என் முகம் தெரியும் என்பதால் ஸ்டாலில் நான் இருந்தாக வேண்டும் என்கிறான். நேற்று சாம்பிளைக் கொண்டுவந்து காட்டினான். முத்து மாதிரி இருந்தது.

"பொறுக்குனதா?"

"இந்தக் காலத்துல யாரும்மா பொறுக்கறா? மெஷின் பிரிச்சது."

"எத்தன தடவ விட்ட?"

"அஞ்சு."

"லாரிக்குப் போறத எத்தன தடவ?"

சாம்பிளைத் திரும்ப எடுத்துக்கொண்டான். "எல்லா ஸ்டால்லயும் இதான்மா. அங்க போயி பாத்துக்கலாம்" என்றான். தூக்கமில்லாமல் அவன் கண் குழி விழுந்திருக்கிறது. அவனைத் திட்ட எனக்கு வாயில்லை. என் பயமெல்லாம் என்னைப் பற்றித்தான். அந்தக் கூடத்தில் ஒருவர் "முத்து மாதிரி இருக்கும்மா" என்று சொன்னால் என் நாக்கு மறுபடி ஒட்டிக்கொள்ளும். எனக்கு அது நன்றாகத் தெரியும். இந்தத் தடவை தட்டிக்குப் பின்னால் என்னை இழுத்துப் போக யாரும் இல்லை.

அதனால் மத்தியானம் மில்லுக்குப் போனேன். மகன் வேதாரண்யம் பக்கம் நெல் பார்க்கப் போயிருந்தான். மூட்டை தைக்கிற செல்வியைக் கூப்பிட்டு, கண்காட்சிக்குக் கட்டி வைத்திருந்த சாம்பிள் டின்களைப் பிரிக்கச் சொன்னேன்.

"பெரியம்மா, அண்ணன் திட்டுவாங்க."

"என்னைத்தானே திட்டுவான். பிரி."

ஒவ்வொரு டின்னாக எடுத்து, அரைபட்டு விழுந்துகொண்டிருந்த அரிசிக் குவியலில் நானே கவிழ்த்தேன். ஒரு நிமிடத்தில் எது எதென்று தெரியாமல் கலந்துவிட்டது. பிறகு மூட்டை பிடிக்கிற குழாய் வாயிலிருந்து அதே டின்களை நிரப்பச் சொன்னேன். அங்கங்கே குருணை. ஒன்றிரண்டு பழுப்பு. செல்வி ஒரு பிடி அள்ளிப் பார்த்தாள். "நல்ல அரிசிதான் பெரியம்மா. நாங்க இதத்தானே பொங்கறோம்."

நான் செய்தது சரியா என்று எனக்குத் தெரியவில்லை. ஆர்டர் வராமல் போனால் வீட்டுக்குப் போகிறவர்களில் செல்வியும் இருப்பாள். அவளையே கூப்பிட்டு டின்னைப் பிரிக்க வைத்தேன். தைரியம் வரட்டும் என்று காத்திருந்தால் எனக்கு அது வராது. அது வராது என்று தெரிந்து முன்கூட்டியே செய்துவிடுவது மட்டும்தான் உன்னிடம் கற்றதில் எனக்கு மிச்சம்.

வாசலில் மகனின் பைக் வந்து நிற்கிறது. செல்வி இதற்குள் சொல்லியிருப்பாளோ என்னவோ. எழுத்தெல்லாம் வரியை விட்டு இறங்குகிறது, பொறுத்துக்கொள். செருப்பைக் கழற்றுகிறான். அவன் மில்லுக்குப் போய் டின்னைத் திறந்து பார்ப்பதற்கு முன்னால் நான் போய்ச் சொல்ல வேண்டும்.