பவளத்தின் பெயரில் ஒரு கப்பல் நேர்த்தி

அன்புள்ள பவளம்,

முதலில் அவசரமான விஷயம். உன் பெயரில் நான் ஒரு பொய் சொல்லிவிட்டேன். மண்டூர் முருகன் உன்னைக் கூப்பிட்டு விசாரித்தால், யோசிக்காமல் "ஓம்" என்று மட்டும் சொல்லிவிடு. விபரத்தைக் கீழே எழுதுகிறேன்.

உன் இரண்டாம் ஆண்டுத் திவசம் வருகிறது. வருகிற சனங்களுக்குக் கொடுக்க ஒரு சின்ன நினைவுப் புத்தகம் அடிக்கிறோம். என்னையும் இரண்டு பக்கம் எழுதச் சொல்லி உன் அக்கா கட்டளை. எப்படி எழுதுவதென்று தெரியாமல், இப்படி வந்த பழைய புத்தகங்களை எடுத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் மனைவிமார் குலவிளக்காக இருந்திருக்கிறார்கள். ஒருத்தியாவது புருஷனிடம் அதிர்ந்து பேசியதில்லை. நீ என்னை ஏசியது கடற்கரை வரைக்கும் கேட்டிருக்கிறது. திவசத்துக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் காதால் கேட்ட சாட்சிகள். அவர்களிடம் இந்தப் புளுகு எடுபடுமா? அதனால் உனக்கே நேரடியாக எழுதிவிடுகிறேன். நான் பதினோராம் வகுப்பு ஓ.எல். சோதனை வரை படித்தவன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

மகளைப் பற்றித்தான் முழுச் சேதியும். விதுஷா இப்போதும் பாலர் பாடசாலை ரீச்சர்தான். கல்குடாப் பக்கம் ஒரு தீம் பார்க் திறந்திருக்கிறார்கள், நீ காணவில்லை. பெரிய இராட்டினம், தண்ணீரில் வழுக்கி விழுகிற குழாய்கள், அந்தரத்தில் முன்னும் பின்னும் ஆடுகிற ஒரு கப்பல் எல்லாம் இருக்கின்றன. பாலர் பாடசாலைப் பிள்ளைகளை அங்கே சுற்றுலா கூட்டிக்கொண்டு போனபோது, கப்பலைக் கண்டு பிள்ளைகள் அழுதிருக்கிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை என்று ரீச்சர் ஏறிக் காட்டினாள். அன்றைக்கு ஏறியவள்தான். அதன் பிறகு சனிக்கிழமை தவறுவதில்லை. வாரம் முழுக்கப் பிள்ளைகளிடம் "சத்தம் போடாதீங்க" என்று சொல்கிறவள், சனிக்கிழமை போய்த் தன் சத்தத்தைப் போட்டுவிட்டு வருகிறாள்.

பொம்பிளைப் பிள்ளையைத் தனியே விடக்கூடாது என்று உன் அக்கா சொன்னதால் துணைக்கு நான், எங்கள் வேனில். முதல் நாள் என்னையும் கப்பலில் ஏற்றினாள். நான் இடுப்பில் சாரம் கட்டிக்கொண்டு போயிருந்தேன். பவளம், ஆடுகிற கப்பலில் சாரத்தோடு ஏறின மனுசனுக்கு இரண்டு கை போதாது. கம்பியைப் பிடித்தால் சாரம் போகிறது, சாரத்தைப் பிடித்தால் உயிர் போகிறது. நான் சாரத்தைப் பிடித்தேன். இறங்கின பிறகு என் செருப்பை ஊரார்தான் தேடித் தந்தார்கள்.

அதற்குப் பிறகு என் இடம் மரநிழலில் ஆட்கள் இருக்கப் போட்டிருக்கிற வாங்கு. அங்கே இருப்பது முழுக்கப் பெண்கள். புருஷனும் பிள்ளைகளும் ஆடிவிட்டு வரும் வரைக்கும் அவர்களின் பை, செருப்பு, தண்ணீர்ப் போத்தல் எல்லாவற்றையும் மடியில் வைத்துக்கொண்டு காவல் இருக்கிறவர்கள். நடுவில் மகளின் கைப்பையோடு நான். காத்தான்குடிப் பெண் ஒருத்தி என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, "உங்களையும் ஏத்தல்லயா காக்கா?" என்று அவர்கள் வழக்கப்படி அண்ணன் முறை வைத்துக் கேட்டா.

ஊருக்குள் கதை கிளம்பாமல் இருக்குமா? செட்டிபாளையத்தில் எங்கள் வேன் வீதிக்கு ஏறினால் போதும். பெட்டைக்கு அங்கே யாரோ இருக்கிறான் என்றது ஒரு கட்சி. தாய் இல்லாத குறையால் வந்த மனவருத்தம் என்றது இன்னொரு கட்சி. உன் அண்ணன் மகன் ஒவ்வொரு நாளும் பின்னேரம் வொலிபோல் அடிக்கப் போகிறான். அவனிடம் யாரும் ஏன் போகிறாய் என்று கேட்டதில்லை. இவளிடம் மட்டும் வழியில் கண்ட ஆளெல்லாம் கேட்டது. "விருப்பம், போறன்" என்பாள். அந்தப் பதில் யாருக்கும் போதவில்லை.

இந்த நேரத்தில்தான் கலியாணப் பேச்சு வந்தது. மாப்பிள்ளை வாழைச்சேனை, மின்சார வேலை செய்கிறவன், பெயர் சுதாகரன். அமைதியான பிள்ளை. விதுஷாவுக்கும் பிடித்துப்போனது. தாய் இரத்தினம்மா எங்கள் வீட்டுக்கு வந்தா. வந்து இருந்ததும் மகளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இந்தப் புள்ளய நான் பார்க்கடியில கண்டிரிக்கன். கப்பல்ல இருந்து கத்தினது ரோட்டு வரைக்கும் கேட்டுது. ஏன் புள்ளய அங்க விடுறீங்க?" என்று என்னிடம் கேட்டா.

மகள் குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள். என் கண் போன இடத்தில் சுவரில் மண்டூர் முருகன் கலண்டர். மண்டூரில் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு பூசை செய்வார்களே, அந்த நேரம் என் வாயையும் யாராவது கட்டியிருக்கலாம். "அது தாய் வைச்ச நேர்த்தி" என்று சொல்லிவிட்டேன். நீ ஆசுப்பத்திரியில் கிடந்தபோது, பிள்ளையின் பயம் கழிய வேண்டுமென்று, சனிக்கிழமைகளில் உயரத்தில் ஏற்றி இறக்குவதாக முருகனுக்கு நேர்ந்தாயாம். அது எங்கே இருந்து என் வாயில் வந்ததென்று எனக்கே தெரியாது.

இரத்தினம்மா கையெடுத்துக் கும்பிட்டா. மறுகேள்வி இல்லை.

அன்றைக்கு இதைப் பற்றி மெத்த யோசித்தேன். நம் பக்கத்தில் பெண்கள் தீ மிதிக்கிறார்கள். மடிப்பிச்சை எடுக்கிறார்கள். கோயில் வீதியில் நனைந்த சேலையோடு உருளுகிறார்கள். நேர்த்தி என்று சொன்னால் வழிவிட்டு நின்று தண்ணீரும் கொடுப்போம். விருப்பம் என்று சொன்னால் மட்டும் ஏன் புழு கடித்தாற்போல் துள்ளுகிறோம்? இந்த வீடு உன் தாய் உனக்குத் தந்தது, நீ மகளுக்கு விட்டுப்போனது. நான் வந்து இருக்கிற மாப்பிள்ளைதான். நம் ஊரில் வீடு வளவு எல்லாம் பெண்ணுக்குத்தான். அந்த வீட்டுக்குள் வாய்விட்டுச் சிரிப்பதைச் சீதனத்தில் எழுத மறந்துவிட்டார்களோ?

சரி, கதைக்கு வாறன். அடுத்த சனிக்கிழமை பார்க் வாசலில் இரத்தினம்மா காத்துக்கொண்டு நிற்கிறா. நேர்த்திக்குக் கூடப் போனாலும் புண்ணியமாம், என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னா. திருநீறு பூசிக்கொண்டு மகளுக்குப் பக்கத்தில் ஏறினா. கப்பல் மேலே போகும்போது "முருகா", கீழே வரும்போது "முருகா". இறங்கினபோது கொண்டை அவிழ்ந்து, முகம் சிவந்திருந்தது. கொண்டையை முடிந்துகொண்டே என்னிடம் வந்து, "இன்னொருக்கா ஏறினா நேர்த்தி கூடுதலாப் பலிக்குமா?" என்று கேட்டா.

அதைக் கேள்விப்பட்டு உன் அக்கா வந்தா. அவவுக்கு முழங்கால் வருத்தம் தீர வேண்டுமாம். உன் அக்கா முதல் நாள் முருகனைக் கூப்பிட்டது உண்மை. அடுத்த கிழமை முருகனைக் காணவில்லை, சிரிப்பு மட்டும்தான். எனக்கு மடியில் மூன்று பை. காத்தான்குடிப் பெண் என்னைப் பார்த்துத் தலையில் கை வைத்தா.

எல்லாம் நல்லபடியாகப் போகிறதென்று நான் நினைத்திருக்க, நிச்சயம் பேச அவர்கள் வருகிற அன்று காலையில் விதுஷா வந்து முன்னால் நின்றாள். நேர்த்திக் கதை பெரியம்மாவின் வாயால் அவள் காதுக்குப் போய்விட்டது. ஏசவில்லை. உன்னைப்போல் ஏசியிருந்தால் சமாளித்திருப்பேன்.

"அப்பா, நேர்த்தி எண்டா ஒருநாள் தீரும். கலியாணம் முடிஞ்சு அடுத்த கிழமை, நேர்த்திதான் தீந்திட்டே, இனி என்னத்துக்குப் போறாய் எண்டு கேப்பாங்க. அப்ப நான் என்ன சொல்லுற?"

நான் கலண்டரைப் பார்த்தேன்.

"விருப்பத்துக்குப் போறன் எண்டு நீங்களே சொல்லுங்க. அதுக்கு வேண்டாம் எண்டா, அவங்க இப்பவே போகட்டும். எனக்கு அவரப் பிடிச்சிரிக்கி அப்பா. அதாலதான் சொல்றன்."

பிடித்த மாப்பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு இப்படிச் சொல்ல அவளுக்கு எவ்வளவு தைரியம் வேண்டும்? அது யாருடைய பிள்ளை, பவளம்? என்னுடையது இல்லை, அது மட்டும் நிச்சயம்.

பின்னேரம் வந்தார்கள். வெற்றிலைத் தட்டம் வைத்தாயிற்று. உன் அக்கா கொக்கீஸ் பலகாரம் கொண்டுவந்து வைத்தா. நாள் பார்க்கிற கதை வந்ததும் இரத்தினம்மா கேட்டா, மகள் சொன்ன அதே கேள்வி. நேர்த்தி எப்போது முடியும், முடித்துவிட்டுக் கலியாண நாள் வைத்தால் நல்லதல்லவா? அவவின் புருஷன் தோட்டத்தில் தண்ணீர் கட்டுகிற வேலை என்று வரவில்லை, அது நல்லதாய்ப் போயிற்று.

குசினி வாசலில் விதுஷா நின்றாள். நான் கலண்டரைப் பார்க்கவில்லை. மாலை போட்டிருக்கிற உன் படத்தைப் பார்த்தேன். நீ ஏசும்போது ஊரே கேட்கும். சிரிக்கும்போது மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வாய், தோள் குலுங்குவதுதான் தெரியும். இத்தனை வருசம் உன்னோடு இருந்தும் உன் சிரிப்பின் சத்தம் எப்படி இருக்குமென்று எனக்குத் தெரியாது. வாங்கில் இருந்துகொண்டு கப்பலில் மகள் போடுகிற சத்தத்தைக் கேட்கும்போதெல்லாம், இதுவாக இருக்குமோ என்று நினைத்திருக்கிறேன். அதுதானா, பவளம்?

"நேர்த்தி ஒண்டும் இல்ல. நான் சொன்ன பொய். புள்ளைக்கு அது விருப்பம், விருப்பத்துக்குத்தான் போறா. கலியாணம் முடிஞ்சாலும் போவா" என்று சொல்லிவிட்டேன். கடைசி வசனம் நான் யோசித்து வைத்ததில்லை, தானாக வந்தது.

இரத்தினம்மா கையில் எடுத்த கொக்கீஸைத் தட்டில் திருப்பி வைத்தா.

"அப்ப நான் முருகா முருகா எண்டு கத்தினதெல்லாம்?" என்று கேட்டா.

"அது முருகனுக்குக் கேட்டிரிக்கும் கா. ரோட்டுக்கே கேட்டதே" என்றா உன் அக்கா.

இரத்தினம்மாவுக்குச் சிரிப்பு வந்தது, வெளியே விடாமல் அடக்கினா. பிறகு மகனைப் பார்த்து, "நீ என்னடா சொல்றாய்?" என்றா. சுதாகரன் வந்ததில் இருந்து வாய் திறக்கவில்லை. "எனக்கு ஒண்டும் இல்லம்மா. நான் ஏறமாட்டன், தலை சுத்தும். பையப் பிடிச்சுக்கொண்டு இரிப்பன்" என்றான். எழுந்து அவனைக் கட்டிப்பிடிக்க நினைத்தேன். எத்தனை சனிக்கிழமையாக அந்த வாங்கில் எனக்குப் பிறகு யார் என்று கவலைப்பட்டிருக்கிறேன்.

இரத்தினம்மா திரும்ப அந்தக் கொக்கீஸை எடுத்தா. விதுஷாவைக் கிட்டக் கூப்பிட்டா.

"கலியாணம் முடிச்சுப்போட்டுப் போகாம விட்டிராத புள்ள. நீ போகாட்டி நான் ஆரோட போற?"

பிறகுதான் மெதுவாக ஒரு காரியம் கேட்டா. தன் புருஷனிடம் மட்டும் அது நேர்த்தியாகவே இருக்கட்டுமாம். விருப்பம் என்று சொன்னால் விடமாட்டாராம். இந்தப் புத்தகத்தில் எல்லாம் அச்சாகுமே என்று நான் தயங்கினேன். கண்ணாடி இல்லாமல் அவருக்கு வாசிக்க ஏலாதாம். திவசத்தன்று கண்ணாடியைத் தான் ஒளித்துவைப்பதாகப் பொறுப்பெடுத்திருக்கிறா. விதுஷாவுக்கு இது பிடிக்கவில்லை. "மாமி, நீங்களும் ஒருநாள் சொல்லத்தான் வேணும்" என்றாள். "பொறு புள்ள, முதல்ல இராட்டினத்துலயும் ஏறிப்பாத்திட்டுச் சொல்லுறன்" என்றா அவ.

ஆகவே பொய் இன்னும் பாதி உயிரோடு இருக்கிறது. முருகன் விசாரித்தால் சமாளிப்பது உன் பொறுப்பு. நீ நேரவில்லை என்பது உண்மைதான். ஆனால் உனக்கும் இப்படி எதிலாவது ஏறிப்பார்க்க ஒரு விருப்பம் இருந்திருக்காது என்று யார் சொல்வது? நான் கேட்டதில்லை, நீயும் சொன்னதில்லை. கேட்டிருந்தால் அதற்கும் முந்தானையை எடுத்திருப்பாயோ?

ஒரு வாக்குத் தருகிறேன். திவசம் முடிந்து வருகிற முதல் சனிக்கிழமை, பைகளைச் சுதாகரனிடம் கொடுத்துவிட்டு நான் கப்பலில் ஏறுவேன். இந்தமுறை காற்சட்டை போட்டுக்கொண்டு. இரண்டு கையும் சும்மா இருக்கும். அதில் ஒன்றையாவது வாயைப் பொத்துவதற்கு எடுக்கமாட்டேன், உன் பங்குச் சத்தத்தையும் சேர்த்துப் போடுவேன். நீ எங்கே இருந்தாலும் கேட்கும். கேட்டால் பதிலுக்குச் சிரி, பொத்தாமல்.

இப்படிக்கு,
உன் வீட்டில் இன்னும் குடியிருக்கிற உன் புருஷன்,
விதுஷாவின் அப்பா