உன் தலைப் படங்கள் என்னிடம் இருக்கின்றன

நண்பா,

உன் மகள் வீடு மாற்றும்போது என்னிடம் தந்த பெரிய உறையை இன்று பரணிலிருந்து எடுத்தேன். உள்ளே உன் மூளையின் ஸ்கேன் படங்கள். உறையின் மேல் அச்சடித்திருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தேன்: ‘அடுத்த முறை வரும்போது தவறாமல் கொண்டு வரவும்.’

ஆமாம், எனக்குப் படிக்க வந்துவிட்டது! கோடம்பாக்கம் பள்ளிக்கூடத்தில் மாலை வகுப்புக்குப் போகிறேன். அன்றைக்கு நம் இருவருக்கும் படிக்கத் தெரியாது; உறையில் இப்படிப் போட்டிருப்பதும் தெரியாது. அடையாறு டாக்டரம்மா, “பழைய படம் எங்க? ஒப்பிட்டுப் பார்த்தாதானே கட்டி வளர்ந்திருக்கான்னு தெரியும்?” என்று கேட்ட பிறகுதான் ஒவ்வொரு முறையும் நான் வீட்டுக்கு ஓடுவேன்.

உனக்கு வலிப்பு வந்து, தி.நகரில் முதல் ஸ்கேன் எடுத்த நாள் நினைவிருக்கிறதா? குழாய்க்குள் படுத்து எழுந்து வந்தவன், “உள்ள ஜெனரேட்டர் வண்டி ஓடுது நைனா” என்றாய். ஆயுள் முழுக்க சினிமா ஸ்டூடியோவில் லைட்டு தூக்கிய நமக்குப் பொறுமை ஏது? டீக்கடை டியூப்லைட்டில் படத்தைத் தூக்கிப் பிடித்தோம். கட்டி இருந்தால், ஊசியில் ஏற்றிய மருந்தால் அந்த இடம் பளிச்சென்று தெரியும் என்று ஸ்கேன் பையன் சொல்லியிருந்தான். படத்தில் எதுவும் பளிச்சிடவில்லை. ஒரு மங்கல் மட்டும்தான்.

“லைட்டு ஆஃப்ல கீது மச்சி. தப்பிச்சேன். டீ உன் கணக்கு.”

மறுநாள் டாக்டரம்மா படத்தை மாட்டிப் பெட்டி விளக்கைப் போட்டார். நாம் இருவரும் பழக்கத்தில் சட்டென்று கும்பிட்டுவிட்டோம்.

“படத்தையா கும்பிடுறீங்க?”

“இல்லம்மா, லைட்ட. மொதல் லைட்டு எரிஞ்சா கும்புடணும். எங்க தொழில் அப்பிடி.”

சிரித்தவர், பிறகு ஒரு வண்ணப் படத்தைக் காட்டினார். அந்த மங்கலின் ஓரத்தில் சிவப்பு. “மருந்துல பளிச்சிடலைன்னா சாதுவான கட்டின்னு அர்த்தமில்ல. இது ரத்த ஓட்டத்தக் காட்டுற படம். சிவப்பா இருக்கிற எடத்துக்கு ரத்தம் அதிகமாப் போகுது. அங்கேர்ந்து துளி எடுத்துச் சோதிச்சாதான் எந்த கிரேடு, எவ்வளவு கடுமைன்னு உறுதியாகும். சாதுன்னா காத்திருக்கலாம். இது காத்திருக்கிற ரகமாத் தெரியல.”

நான் படத்திலிருந்து பார்வையைத் திருப்பிக்கொண்டேன். நீயோ நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாய்.

“அப்ப லைட்டு எரியல, ஆனா கரண்ட்டு மட்டும் இழுத்துக்கினு கீது. அதானே டாக்டரம்மா?”

“அதேதான்.”

“இன்னா தில்லு பாரு அதுக்கு! எடுத்துருங்க.”

எடுத்தார்கள். அது கடுமையான ரகம்தான். அறுவை சிகிச்சைக்கும் கதிர்வீச்சுக்கும் பிறகு ஒரு பொங்கல் எங்களோடு இருந்தாய். ஒவ்வொரு புதுப் படத்தையும் பழையதன் பக்கத்தில் வைத்து, “இன்னிக்கி எவ்ளோ இழுக்குது?” என்று நீதான் முதலில் கேட்பாய். ஆடி வந்தபோது நீ இல்லை.

மங்கலாக எதைப் பார்த்தாலும் அதற்குள் என்ன ஓடுகிறது என்று கேட்கும் புத்தி உன்னிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்டது. எழுத உட்காரும்போது மேசை விளக்கைப் போட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் பேனாவைத் தொடுகிறேன்.

உறையில் போட்டிருக்கிறபடி, உன்னிடம் வரும்போது தவறாமல் கொண்டு வருகிறேன் மச்சி. மாட்டிப் பார்க்க அங்கே லைட்டுப் பெட்டி இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வை.