மேனேஜரின் மாத்திரையும் மூன்று துண்டு முட்டையும்

அன்புள்ள குட்டிக்கு,

இங்கே நாங்கள் மூவரும் சௌக்கியம். மூவரிலும் அதிக சௌக்கியம் நாலு காலில் நடப்பவனுக்குத்தான். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, போர்த்திக்கொண்டு தூங்கி, நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். அம்மா போனில் போட்டுக்கொடுப்பதற்கு முன்னால் நானே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு காலை, மேனேஜரின் வலிப்பு மாத்திரையை நான் விழுங்கிவிட்டேன்.

சிரிக்காதே. நாளெல்லாம் தூங்கிவிட்டு, அடுத்தவர் வேலை செய்தால் மட்டும் உறுமுகிறான் என்று நீதானே அவனுக்கு அந்தப் பேர் வைத்தாய்? அப்பேர்ப்பட்ட நாய் மாத்திரையைச் சும்மா தின்னுமா? அதற்கென்றே நான் ஒரு வித்தை வைத்திருந்தேன். அவித்த முட்டையில் மூன்று துண்டு. முதல் துண்டு வெறும் துண்டு, அவனுக்கு நம்பிக்கை வர. நடுத்துண்டுக்குள் மாத்திரை. மூன்றாவது, வந்த சந்தேகம் போக. அன்றைக்கு என் முட்டையையும் அதே தட்டில் வைத்துக்கொண்டு பேப்பர் படித்தேன். யாருடைய துண்டு யார் வாய்க்குப் போனது என்று எனக்கே தெரியாது. நம் கண்ணாடிக் கடைக்குப் போய் ஒருவருக்குக் கண் பரிசோதிக்க உட்கார்ந்தேன், அவ்வளவுதான் ஞாபகம். அந்த மனிதர் எழுத்துப் பலகையைக் கடைசி வரிவரை படித்துவிட்டு, சார் மறுபடி மேலேருந்து படிக்கட்டுமா என்று மூன்று தடவை கேட்டாராம். நான் குறட்டையால் பதில் சொன்னேனாம். ஆட்டோவில் போட்டு அனுப்பினார்கள்.

சாயங்காலம் ஆறு மணிக்கு மேனேஜர் கூடத்தில் பொத்தென்று விழுந்தான். ஐந்து மாதமாக வராத வலிப்பு. கால் நாலும் நீந்துவதுபோல் அடித்துக்கொள்ள, வாயில் நுரை. அம்மா பதறவில்லை. நாற்காலிகளை நகர்த்தி, வாய்ப்பக்கம் கை கொண்டுபோகாமல், கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றாள். இரண்டு நிமிஷம். நானோ சோபாவில் பாதி விழித்துக் கிடந்தேன். என்னையும் பார்த்தாள், அவனையும் பார்த்தாள். முழுங்கினவரு தூங்கறாரு, முழுங்காதவன் துடிக்கறான், இதுக்கு டாக்டர் வேற வேணுமா என்றாள். மேனேஜரைப் பார்க்கும் கால்நடை டாக்டரம்மாவுக்குப் போன் போட்டதும் அவர் என்னை மனுஷ டாக்டரிடம் அனுப்பச் சொல்லிவிட்டு, ஒரு வேளை தவறினாலே வந்துடும் சார், காலை ஏழு சாயங்காலம் ஏழு, நீங்க மறந்தாலும் அது மறக்காது என்றார். நீ நம்பி விட்டுப்போன உயிர். நீ வாராவாரம் கேட்டபோதெல்லாம் சூப்பர் என்று பொய் சொன்னது அதனால்தான்.

அதன்பிறகு ஃபிரிட்ஜில் காலண்டர் ஒட்டி, கொடுத்ததும் டிக் அடிக்கிறோம். நடுவில் உன் மாமா வந்து, நல்லாத்தானே இருக்கான், எதுக்கு மாமா தினம் மாத்திரை, நிறுத்திப் பாருங்க என்று அருளினார். கண்ணாடி போட்டதும் கண்ணு நல்லா தெரியுதுன்னு கண்ணாடியைத் தூக்கி எறிவியா மாப்பிள்ளை என்று கேட்டேன். என் தொழிலில் நான் பேசிய ஒரே உருப்படியான வசனம். தொண்ணூற்றிரண்டு நாளாக ஒரு வலிப்பு இல்லை. நேற்று ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. மருந்து சரியான அளவில் இருக்கிறதாம், கல்லீரலும் நன்றாக இருக்கிறதாம். இப்படியே போனா வயசாகித்தான் சாவான் என்று டாக்டரம்மா சொன்னதும் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு புடவையைச் சரிசெய்தாள். நீ லீவுக்கு வரும்போது வாசல்வரை ஓடிவந்து உன் செருப்பைக் கவ்வுவான், நல்ல செருப்பாகப் போட்டு வராதே.

உடம்பைப் பார்த்துக்கொள். உன் இரும்புச்சத்து மாத்திரையைத் தவறவிடாதே, எங்களிடம் கூடுதல் காலண்டர் இருக்கிறது. நீ நினைத்ததெல்லாம் நடந்து, நூறு வருஷம் சிரித்தபடி இரு.

இப்படிக்கு,
முட்டை வித்தகன்,
உன் அப்பா

பி.கு.: முந்தாநாள் எனக்கு ஜலதோஷம் என்று அம்மா மாத்திரை கொடுத்தாள். முட்டையெல்லாம் இல்லை. வெறும் உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். நான் எடுப்பதற்குள் மேனேஜர் நக்கி விழுங்கிவிட்டு (டாக்டரம்மாவைக் கேட்டாயிற்று, ஆபத்தில்லை), இன்னொன்று இருக்கிறதா என்று பார்த்தான்.