கழற்றி வைத்த பற்றரி

பார்க்கிங்,
லண்டன்.
22.03.1992

அன்புள்ள தங்கச்சி வசந்தமலருக்கு,

கொழும்பில் நீரும் உம்முடைய அண்ணை யோகலிங்கமும் சுகமாக இருக்க வேண்டுமென்று வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். நீர் என்னைக் கண்டதில்லை. உம்முடைய கணவர் குகதாசன் லண்டன் கோலியர்ஸ் வுட்டில் இரண்டு வருடமாக மேல் அறையில் குடியிருந்தாரே, அந்த வீட்டுக்காரி தவநாயகி நான். வீடு எரிந்த பிறகு நாங்கள் பார்க்கிங் என்ற ஊரில் என் மச்சாள் வீட்டில் ஒதுங்கியிருக்கிறோம். இந்தக் கடிதத்தை மூன்று தரம் எழுதிக் கிழித்துப் போட்டேன். இதுவும் நன்றாக வராது. ஆனாலும் இதை அனுப்பிவிடுவேன்.

முதலில் குகதாசன் தம்பியின் சுகத்தைச் சொல்கிறேன். இடது கைக்குத் தோல் எடுத்து ஒட்டியிருக்கிறார்கள், அது நன்றாகப் பிடித்துவிட்டது. வலது கை விரல்களில் இன்னும் கட்டு இருக்கிறது. இடுப்பு எலும்பு பொருந்திவிட்டது, சித்திரை முடியத் தடி ஊன்றி நடக்கலாம் என்று டொக்டர் சொன்னார். இருமல் குறைந்துவிட்டது. ஆஸ்பத்திரிச் சாப்பாடு உப்புச் சப்பில்லை என்று முறைப்பட்டார், அதனால் கிழமைக்கு இரண்டு நாள் புட்டும் சம்பலும் கொண்டுபோகிறேன்.

உம்முடைய கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. கட்டுப் போட்ட கையால் அவருக்குப் பிரிக்க ஏலவில்லை. நான்தான் பிரித்தேன், அவர் கேட்டதால் வாசித்தும் காட்டினேன். புருஷனுக்கு மனைவி எழுதியதை இன்னொருத்தி வாசிப்பது முறையில்லை, மன்னித்துக்கொள்ளும். தம்பி குடித்துத் திரிகிறாராம், சிகரெட்டோடு நித்திரையாகி இடம் கொடுத்த வீட்டையே எரித்துவிட்டாராம், லண்டன் ஆட்கள் அண்ணைக்குப் போனில் சொன்னார்களாம், ஆகவே ஏப்ரல் பத்தாம் தேதி விசா நேர்முகத்துக்கு நீர் போகப்போவதில்லை. இவ்வளவையும் என் வாயாலேயே வாசித்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு, "மடிச்சு வையுங்கோ அக்கா" என்று மட்டும் சொன்னார்.

தங்கச்சி, அந்தச் சிகரெட் நான் சொன்ன பொய். உம்முடைய கணவர் சிகரெட்டைத் தொட்டு நான் கண்டதில்லை. வீடு எரிந்தது என்னால்.

எப்படி என்று சொல்கிறேன், கேளும். இங்கே எங்கள் சனம் இருக்கிற வீடுகள் உமக்குத் தெரியாது. ஒரு வீட்டில் மூன்று குடும்பம், அறைக்கு ஒரு மண்ணெண்ணெய் ஹீற்றர், கள்ளனுக்குப் பயந்து கதவை உள்ளே பூட்டித் திறப்பை எங்கோ ஒளித்து வைப்பார்கள். நெருப்புப் பிடித்தால் ஒருவரும் வெளியே வர ஏலாது. அதனால் தமிழ் பேசுகிற பெண்கள் சிலரை உள்ளூர்க் கவுன்சில் தெரிந்தெடுத்து, தீயணைப்புப் படைக்காரரிடம் ஆறு நாள் பழக்கினார்கள். அதில் நானும் ஒருத்தி. வீடு வீடாகப் போய் ஸ்மோக் அலாரம் பூட்டிக் கொடுத்தோம். புகை வந்தால் அது கீச்சிட்டு எழுப்பிவிடும். ஒரு அம்மா அதைக் கமரா என்று நினைத்துத் தலை வாரிக்கொண்டு வந்து நின்றா. கிழமைக்கு ஒரு தரம் பொத்தானை அழுத்திப் பாருங்கோ, பற்றரியைக் கழற்றாதையுங்கோ, வெளியே போகும்போது சாமி விளக்கை எரியவிடாமல் நூர்த்துவிட்டுப் போங்கோ என்று மணிக்கணக்காகப் பேசுவேன். எல்லாரும் ஓம் ஓம் என்பார்கள். எனக்கு அதில் நல்ல பெருமை. ஊருக்குத்தான் உபதேசம் என்று என் கணவர் அப்போதே பகிடி பண்ணுவார், நான் கோபிப்பேன்.

தை மாதம் கறித்தூளுக்குச் செத்தல் மிளகாய் வறுக்க வேண்டியிருந்தது. மிளகாய் வறுத்தால் அலாரம் வீட்டையே இரண்டாக்கிவிடும். தம்பி இரவு ஷிப்ட் முடித்து வந்து மேலே நித்திரை. பாவம், பெற்றோல் ஷெட்டில் விடிய விடிய நின்றுவிட்டு வந்த பிள்ளை எழும்பிவிடக் கூடாதென்று கதிரை போட்டு ஏறிப் பற்றரியைக் கழற்றி, பிரிஜ்ஜின் மேல் வைத்தேன். வறுத்து முடியப் போடுவோம் என்று நினைத்தேன். அடுத்த நாள் கத்தரிக்காய் பொரித்தேன், அப்போதும் போடவில்லை. மூன்று கிழமை அது அங்கேயே கிடந்தது. ஒவ்வொரு நாளும் பால் எடுக்கும்போது அதைக் கண்டுகொண்டுதான் இருந்தேன்.

பெப்ரவரி ஏழாம் தேதி வெள்ளிக்கிழமை. எங்கள் சாமித்தட்டு படிக்கட்டின் கீழ் அலுமாரிக்குள் இருந்தது. விளக்கேற்றிவிட்டு, முருங்கைக்காய் வாங்கிக்கொண்டு உடனே வரலாம் என்று பக்கத்து ஊர் ரூட்டிங்கில் உள்ள கடைக்குப் போனேன். விளக்கை நூர்க்கவில்லை. வெள்ளிக்கிழமை விளக்கை உடனே நூர்க்க மனம் வரவில்லை, அவ்வளவுதான். கடையில் தெரிந்த இரண்டு பேர் அலாரத்தைப் பற்றி ஏதோ கேட்டார்கள். நின்று விளங்கப்படுத்தினேன். முக்கால் மணித்தியாலம் போய்விட்டது. திரும்பி வரும்போது எங்கள் தெருவில் தீயணைப்பு வண்டிகள் நின்றன.

சாமித்தட்டுக்கு முன் தொங்கிய சீலையில் நெருப்புப் பிடித்துப் படிக்கட்டு முழுக்க எரிந்திருக்கிறது. இதற்குத் தீயணைப்புப் படை கொடுத்த அறிக்கையின் பிரதியை இத்துடன் வைக்கிறேன். அண்ணைக்கு இங்கிலிஷ் தெரியும், வாசித்துப் பார்க்கட்டும். நெருப்பு எங்கே தொடங்கியது, அலாரத்துக்குள் என்ன இல்லை, இரண்டும் அதில் இருக்கிறது.

அறிக்கையில் இல்லாத ஒன்றையும் நீர் அறிய வேண்டும். தம்பி புகையில் எழும்பியவுடன் யன்னலால் குதித்திருக்கலாம். அவர் குதிக்கவில்லை. என் மகள் சிவகௌரிக்கு ஒன்பது வயது. அவள் அந்தக் கிழமை இரண்டு நாள் காய்ச்சலில் பள்ளிக்கூடம் போகவில்லை. அன்றும் கீழே படுத்திருக்கிறாள் என்று நினைத்து, எரிகிற கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பாதிப் படி வரை இறங்கி அவளைக் கூப்பிட்டிருக்கிறார். கை எரிந்தது அப்போதுதான். இனி இறங்க ஏலாது என்ற பிறகுதான் மேலே ஓடி யன்னலால் விழுந்தார். அவள் அன்று பள்ளிக்கூடம் போயிருந்தாள்.

இவ்வளவும் தெரிந்துகொண்டுதான் அந்தப் பொய்யைச் சொன்னேன். அதை நினைக்க எனக்கு என்னையே பிடிக்கவில்லை. பெப்ரவரி இருபத்தொன்பதாம் தேதி இங்கே பக்கத்தில் குட்மேய்ஸில் ஒரு மண்டபத்தில் பெண்களுக்குப் பேச அழைத்தார்கள். நாற்பது பேர் வரையில் இருந்தார்கள். உள்ளதைச் சொல்வோம் என்றுதான் போனேன். பேசிக்கொண்டிருக்கும்போது ஒருத்தி எழும்பி, "உங்கட வீடும் எரிஞ்சதாமே அக்கா, எப்பிடி?" என்று கேட்டா. எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். மேலே இருந்தவர் சிகரெட்டோடு நித்திரையாகிவிட்டார் என்று சொல்லிவிட்டேன். யோசித்துச் சொல்லவில்லை, வாய் சொல்லிவிட்டது. உடனே மறுத்திருக்கலாம். ஆனால் அவர்கள் உச்சுக்கொட்டி, தனி ஆம்பிளையளுக்கு அறை குடுத்தால் இப்பிடித்தான் என்று எனக்காகக் கவலைப்பட்டார்கள். அந்தக் கவலை எனக்கு இதமாக இருந்தது, பேசாமல் நின்றேன். நான் சொன்ன சிகரெட்டோடு குடியையும் சேர்த்து, இரண்டு கிழமைக்குள் கொழும்பில் உம்முடைய அண்ணையின் காதுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போய்த் தம்பியிடம் எல்லாம் சொன்னேன். விளக்கு என்னுடையது என்று அவருக்கு முதலே தெரியும், ஒருவரிடமும் சொல்லவில்லை. சிகரெட் கதை யாரால் வந்தது என்பதுதான் தெரியாது. அவர் ஏசவில்லை. ஏசினால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். கடைசியில், "மலருக்கு நீங்களே எழுதுங்கோ அக்கா, நான் எழுதினால் நம்பமாட்டா" என்றார். கொண்டுபோன புட்டை அன்று அவர் சாப்பிடவில்லை.

நேற்றுச் சனிக்கிழமை அதே மண்டபத்துக்குப் போய் அதே பெண்களுக்கு முன்னால் நின்று உண்மையைச் சொன்னேன். பிறகு கலாவதி என்றொருத்தி, தன் வீட்டு அலாரத்திலும் மாவிளக்குப் போட்ட நாளிலிருந்து பற்றரி இல்லை என்றா. மற்றவர்களைக் கேட்டேன். பதினொரு பேர் கை உயர்த்தினார்கள். அதில் ஆறு வீட்டுக்கு நானே பூட்டிக் கொடுத்தது. இரண்டு வருடமாக இதை ஒருத்தியும் எனக்குச் சொல்லவில்லை, நான் பேசுகிற பேச்சுக்கு யார் சொல்வார்கள். மிளகாய் வறுக்கிற நாளில் என்ன செய்வது என்று நான் அவர்களிடம் ஒரு நாளும் கேட்டதில்லை. இனிக் குசினியை விட்டுத் தள்ளி நடைப்பக்கம் பூட்டுவோம், வறுக்கும்போது குசினிக் கதவைச் சாத்தி யன்னலைத் திறப்போம் என்று அங்கேயே பேசி முடிவெடுத்தோம். நெருப்புக்கு முதல் செய்திருக்க வேண்டியது. இரண்டு பேர் என்னோடு பேசாமல் போனார்கள். அதில் ஒருத்திதான் கொழும்புக்குப் போன் எடுத்தவ என்று நினைக்கிறேன், அவவில் எனக்குக் கோபமில்லை.

தங்கச்சி, இந்தக் கடிதத்தை ஒளிக்காமல் அண்ணைக்குக் காட்டும். என்னைப் பற்றி அவர் என்ன நினைத்தாலும் சரி. பத்தாம் தேதி அந்த நேர்முகத்துக்குப் போம். இந்த நாள் தவறினால் இன்னொரு நாள் எப்போது கொடுப்பார்களோ தெரியாது. அதற்கு முதல் தம்பிக்கு இரண்டு வரி எழுதும். அவர் வாயால் கேட்கமாட்டார், ஆனால் தபால் வருகிற நேரம் வாசலைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார்.

நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் ஒன்றாக வாழ வேண்டுமென்று அம்மாளாச்சியை வேண்டுகிறேன். நீர் வந்து இறங்கும் நாளில் விமான நிலையத்துக்கு யாராவது வரத்தான் வேண்டும், தம்பியால் இன்னும் தனியே வர ஏலாது. நான் வந்து உம்முடைய முகத்தைப் பார்க்கலாமோ என்று எனக்குத் தெரியவில்லை. வரச் சொன்னால் வருவேன். வேண்டாமென்றால் என் கணவரை அனுப்பிவிட்டு, உங்களுக்கு ஒரு நேரச் சாப்பாடு சமைத்துக் கொடுத்துவிடுவேன்.

இப்படிக்கு,
உம்மிடம் பதில் கேட்க வெட்கப்படும்
தவநாயகி