கியோஸ்கில் வாங்கிய சிகரெட்

மார்ச் 5
வீடு வீடாகப் போய் நோயாளிகளைத் தூக்கித் தூக்கி இடுப்பு விட்டுப்போயிற்று. இரவில் தூக்கமும் இல்லை. துஷாந்தன் தன் பெட்டியிலிருந்து ஒரு சிபிடி சிகரெட் தந்தார். "இதுவும் கஞ்சாச் செடிதான், ஆனா இதில வெறிக்கிற சாமான் இல்லை, சரணியா. இந்த நாட்டில பேப்பர் விக்கிற கியோஸ்கிலயே விக்கிறாங்கள். நானும் இதைப் பத்திப்போட்டுத்தான் பஸ் ஓட்டுறன்." ஆவணியில் எங்களுக்குக் கல்யாணம். நம்பாமல் என்ன செய்வேன்?

மார்ச் 12
இரவில் ஒன்று பத்திவிட்டு நன்றாகத் தூங்குகிறேன்.

மார்ச் 19
காலையில் வேலைக்குப் போகும் வழியில் எம்மன்புரூக்கே பாலத்தடியில் பொலிஸ் என் காரை மறித்தது. எச்சில் சோதனை. கஞ்சாவாம்! சிபிடி சிகரெட் என்றேன். "அதிலும் போதை தருகிற டிஎச்சி கொஞ்சம் இருக்கிறது. விற்பது சட்டப்படிதான். ஆனால் அது இரத்தத்தில் அளவுக்கு மேல் இருந்தால் வாகனம் ஓட்டுவது குற்றம்" என்றாள் பொலிஸ்காரி. இரத்தம் எடுத்தார்கள். லைசன்ஸையும் எடுத்தார்கள். இன்சுலின் ஊசிக்காகக் கிழவி ஒருத்தி என்னைப் பார்த்துக்கொண்டு கிடந்திருப்பாள்.

மார்ச் 20
நான் நிதானமாகத்தான் ஓட்டினேன். — ஓட்டினேன்தானே?

ஏப்ரல் 11
அளவுக்கு மேலேதான் இருந்திருக்கிறது. லைசன்ஸ் இப்போதைக்கு இல்லை. வீடு வீடாகப் போய்ப் பார்க்கிற வேலை, கார் இல்லாமல் எப்படி என்றார் மேலாளர். நிற்பாட்டிவிட்டார்கள்.

ஏப்ரல் 14
வருசப்பிறப்புக்கு நானும் அம்மாவும் துஷாந்தன் வீட்டுக்குப் போனோம். அவருடைய அம்மா எல்லார் முன்னாலும் கேட்டார்: "கஞ்சா குடிச்சுப் பொலிசில பிடிபட்ட பிள்ளையை என்னெண்டு மருமகளா எடுக்கிறது?" துஷாந்தன் பயித்தம் பணியாரம் தின்றுகொண்டிருந்தார்.

படியில் வைத்துக் கேட்டேன், "தந்தது நீங்கள் எண்டு ஏன் சொல்லேல்ல?"

"என்ர வேலை போயிடுமல்லோ."

"இன்னும் பத்துறியளோ?"

"எனக்கு அது ஒண்டும் செய்யாது."

"பஸ்ஸுக்குள்ள இருக்கிற சனம்?"

"உமக்கு இப்ப சனத்தில நல்ல அக்கறை."

மோதிரத்தைக் கழற்றி அவர் கையில் வைத்துவிட்டு வந்தேன். அம்மா வழி முழுக்க அழுதா. எனக்கு ஒரு சொட்டும் வரேல்ல. பாவி!

ஏப்ரல் 22
இன்று அவருடைய பஸ் என்னைக் கடந்து போனது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் நெருக்கியடித்து நின்றார்கள். எனக்குக் கோபமா, பயமா? இரண்டும்தான். பிரித்துப் பார்க்க முடியவில்லை.

மே 6
துஷாந்தனின் அம்மா போன் எடுத்தார். பஸ் கம்பனி மகனைச் சோதித்து, பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டதாம். "ஆரோ சொல்லிக் குடுத்திட்டினம். ஆரெண்டு உமக்குத் தெரியுமோ பிள்ளை?"

"ஓம் அன்ரி. நான்தான்."